பதினேழாம் பெட்டியும் சிவப்புப் பொத்தானும்

கம்பியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லி ஆராய்ச்சிக்கூடத்தில் விசாரித்தால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். கம்பியக்கா என்றால் போதும். "ரெண்டாவது மாடி, கடைசி ரூம். செருப்பக் கழட்டிட்டுப் போங்க, தூசி பட்டா அக்கா கத்துவாங்க" என்று வழியோடு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

அக்கா கத்துவார் என்பது சும்மா கட்டிவிட்ட கதை. பதினோரு வருடத்தில் இரண்டே முறைதான் கத்தியிருக்கிறார். இரண்டு முறையும் யாரோ மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் தும்மினார்கள். அவர் கையாளுகிற தங்கக் கம்பி தலைமுடியில் நான்கில் ஒரு பங்கு தடிமன்தான். தும்மலுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? பார்த்துப் பார்த்து வைத்த எட்டுக் கம்பியும் ஒரே தும்மலில் காணாமல் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு வந்திருந்தால் மைக்ராஸ்கோப்பையே தூக்கி அடித்திருப்பேன்.

அவருடைய வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், கேலிக்காரர். "உங்க வீட்டம்மா என்ன வேலை பாக்கறாங்க?" என்று யாராவது கேட்டால், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "பதினோரு வருஷமா கம்பி எண்ணிக்கிட்டு இருக்கா" என்பார். கேட்டவர் திடுக்கிட்டுப் பேச்சை மாற்றுவதைப் பார்ப்பதில் அவருக்கு அலாதி சந்தோஷம்.

உண்மையில் அந்த அறையில் நடப்பது இதுதான். பென்சிலுக்குள் இருக்கிறதே கரி, அதையே இன்னும் சுத்தமாக எடுத்து, ஒட்டுநாடாவில் ஒட்டி ஒட்டிப் பிரித்தால், கடைசியில் ஓர் அணு தடிமனுள்ள ஏடு கிடைக்கும். இந்த வேலையைச் செய்கிற ஆராய்ச்சியாளனை எல்லோரும் டேப்பு என்றே கூப்பிட்டார்கள். அப்படிப்பட்ட இரண்டு ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இம்மியளவு திருகி வைத்து, கடுங்குளிரில் இறக்கினால், ஒரு கட்டத்தில் மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடத் தொடங்கும். அதற்குப் பெயர் மீக்கடத்தல். கண்ணுக்கே தெரியாத அந்த ஏட்டிலிருந்து வெளியுலகத்துக்கு மின்சாரம் வந்துபோக வழி வேண்டுமல்லவா? அந்த ஏடு உட்கார்ந்திருக்கும் மிளகு அளவுச் சில்லின் விளிம்பிலிருந்து ஒரு சின்னப் பெட்டியின் உலோகக் கால்களுக்கு எட்டுக் கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டுவது கம்பியக்காவின் வேலை.

இந்த வேலையை அவர் எங்கேயும் படிக்கவில்லை. அதற்கு முன் பதினெட்டு வருடம் காது கேட்கும் கருவி செய்கிற தொழிற்சாலையில் இருந்தார். அது மூடப்பட்டபோது, கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி, "ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல நடுங்காத கை வேணுமாம், போய்ப் பாரு" என்று அனுப்பிவைத்தாள். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி, எல்லோருக்கும் மேடம், ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு சில்லையும் இடுக்கியையும் நீட்டினார். நாற்பது நிமிடம் கழித்து எட்டுக் கம்பியையும் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துடுங்க" என்றார். அன்றைக்குப் பேருந்தில் வீடு திரும்பும்போது அக்கா கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். நன்றி என்பது அவருக்கு அப்படித்தான் வரும், ஜலதோஷம் மாதிரி, மூக்கும் கண்ணுமாக. இன்றைக்கும் காலைப் பேருந்தில் தோழியை நினைத்துக்கொள்வார், மேடத்தை நினைத்துக்கொள்வார், தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொள்வார்.

பழைய தொழிற்சாலையிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று, ஒரு சிவப்புப் பொத்தான். சட்டையில் தைக்கிற சாதாரணப் பொத்தான்தான். அங்கே ஒவ்வொரு பெண்ணின் மேசையிலும் அப்படி ஒன்று இருக்கும். தன் கையைவிட்டுப் போன கருவியில் ஏதோ சரியில்லை என்று பிற்பாடு சந்தேகம் வந்தால், அந்தக் கருவியின் எண்ணுள்ள தட்டில் பொத்தானை வைத்துவிட வேண்டியது. வரிசையில் எங்கே இருந்தாலும் அந்தக் கருவி திரும்பி வந்துவிடும். ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த முறை யாரும் வைக்க மாட்டார்கள் என்பது அங்கிருந்த மேற்பார்வையாளரின் கணக்கு.

இன்னொரு பழக்கமும் அங்கிருந்து வந்தது. செய்கிற ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் பென்சிலால் படமாக வரைந்துவைப்பார். எந்தக் கம்பி எந்தக் காலுக்குப் போகிறது, எது தொங்கலாக இருக்கிறது, எது இறுக்கம், எல்லாம் அதில் இருக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எட்டு மாதத்துக்கு முன்னால் வெள்ளெழுத்து வரும்வரை. ஐம்பத்தோரு வயதில் அது வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அக்கா அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மைக்ராஸ்கோப் வழியே பார்ப்பதில் சிக்கல் இல்லை, திருகைத் திருப்பினால் தெளிந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில். மைக்ராஸ்கோப் மேலிருந்துதான் காட்டும். கம்பி எவ்வளவு உயரத்தில் வளைந்து நிற்கிறது என்று பார்க்க, பெட்டியைக் கையில் எடுத்து, முகத்தருகே சாய்த்து, வெறுங்கண்ணால்தான் பார்க்க வேண்டும். அந்தப் பார்வைதான் மங்கிவிட்டது. அவர் வேலையோ வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். கண் போய்விட்டது என்று தெரிந்தால் யார் புதுப்பிப்பார்கள் என்ற பயத்தில் கண்ணாடிக் கடைப் பக்கமே போகவில்லை. வீட்டில் பேப்பரைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் படிப்பதைப் பார்த்து வீட்டுக்காரர், "கை பத்தலன்னா சொல்லு, எதிர்வீட்டுல போய் நின்னு பிடிச்சுக்கறேன்" என்பார். அக்கா முறைப்பதோடு சரி.

அந்த நிலைமையில் வந்ததுதான் பதினேழாம் பெட்டி.

டேப்பு ஐந்து வருடமாக ஏடு உரித்துக்கொண்டிருந்தான். பதினாறு பெட்டிகள் போய்விட்டன, ஒன்றிலும் ஒன்றும் இல்லை. அவனுக்குக் கொடுத்திருந்த காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. பதினேழாவதைச் சின்னக் குளிர்கலத்தில் இறக்கிய அன்று, பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்றுப் பத்து டிகிரியில், கத்தியால் வெட்டியதுபோல் மின்தடை சரிந்து சுழியில் போய் நின்றது. இந்த மாதிரி ஏடுகளில் மற்றவர்கள் இருநூற்று எழுபத்தொன்றுக்கும் கீழே போய்த்தான் இதைப் பார்த்திருக்கிறார்கள். இருநூற்றுப் பத்தில் என்றால் உலகமே திரும்பிப் பார்க்கும். டேப்புக்குத் தலைகால் புரியவில்லை. ஓடி வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அக்கா, இந்தக் கைதான் அக்கா. நீங்க போட்ட கம்பிதான்."

"சும்மா இருங்க தம்பி, கையெல்லாம் பசை" என்றார் அக்கா. ஆனால் அவருக்கும் வாயெல்லாம் பல்தான்.

அடுத்த வாரம் ஒரு பெரிய மாநாடு. முந்நூறு பேர் முன்னால் டேப்பு இதைச் சொல்வதாக முடிவாயிற்று. அதற்குள், இன்னும் கீழே குளிர்விக்கக்கூடிய பெரிய ஹீலியக் குளிர்கலத்தில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மேடம் சொன்னார். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் மீக்கடத்தல் கொஞ்சமாவது தளர வேண்டும், இது அசையவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, "அவ்வளவு ஸ்ட்ராங்" என்றான் டேப்பு. ஆசை வந்துவிட்டால் கெட்ட சகுனம்கூட நல்ல சகுனமாகத்தான் தெரியும். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஐந்து வருடம் என்பது கொஞ்சமா?

அளந்த படத்தைப் பெரிதாக அச்சடித்து நடைகூடச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போன கம்பியக்கா அதன்முன் நின்றார். நீலக் கோடு குளிர்விக்கும்போது எடுத்தது. சிவப்புக் கோடு திரும்பச் சூடேற்றும்போது எடுத்தது. அச்சு பெரிதாக இருந்ததால் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. இரண்டும் ஒரே இடத்தில் சரியவில்லை. போகும்போது ஓரிடம், வரும்போது ஓரிடம், நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி.

அக்காவுக்கு இயற்பியல் தெரியாது. ஆனால் இந்தப் படத்தை அவர் பார்த்திருக்கிறார், படமாக இல்லை, புகாராக. "வெளியில குளிர்ல போனா காது கேக்குது, வீட்டுக்குள்ள வந்து கொஞ்ச நேரத்துல நின்னுடுது" என்று திரும்பி வந்த கருவிகள். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கம்பி குளிரில் சுருங்கி ஓரிடத்தில் போய்த் தொட்டுக்கொண்டிருக்கும். சூடானால் உடனே விடாது, கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம்தான் விடும்.

தண்ணீர்க் குவளையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் நோட்டைப் புரட்டினார். பதினேழாம் பெட்டியின் பக்கம். அந்தப் பெட்டியின் மூன்றாம் கால் ஒடிந்திருந்தது. அதனால் மூன்றாம் கம்பியை, நான்காம் கம்பிக்கு மேலே பாலம் மாதிரி வளைத்து, சும்மா கிடந்த ஒன்பதாம் காலுக்குக் கொண்டுபோயிருந்தார். பாலத்துக்குப் பக்கத்தில் 'மேலே' என்று எழுதியிருந்தது. எவ்வளவு மேலே என்று எழுதவில்லை. எப்போதும் எழுதுவார். அன்று சாய்த்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியாமல், இருக்கும் என்று விட்டுவிட்டது இப்போது நினைவுக்கு வந்தது.

மூன்றும் நான்கும்தான் டேப்பு மின்னழுத்தம் அளந்த கம்பிகள். இரண்டு இடத்துக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பதுதான் அந்தக் கம்பிகளின் வேலை. அவை இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? கருவி சுழி என்றுதான் சொல்லும். காந்தம் என்ன, கடப்பாரையைக் கொண்டுவந்தாலும் அது அசையாது.

அன்று மாலை வீட்டில் இரண்டாவது தடவை உப்புப் போடக் கை போனதை வீட்டுக்காரர் தடுத்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று, கண் உட்பட.

"சொன்னா என்ன ஆகும்?" என்றார் அவர்.

"வேலை போயிடும். ஒப்பந்தத் தாள் மேடம் மேசையில கையெழுத்தாகாமக் கெடக்குது."

"சொல்லலன்னா?"

"அந்தத் தம்பி போய் மேடையில சொல்லும். எல்லாரும் செஞ்சு பாப்பாங்க. ஒருத்தருக்கும் வராது."

"சரி, சாப்பிடு" என்றார் வீட்டுக்காரர். கேலி செய்யவில்லை. அதுவே அக்காவுக்கு என்னவோபோல் இருந்தது.

மறுநாள் காலை டேப்பு பதினேழாம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். "பெரிய குளிர்கலத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒருதடவை கம்பியப் பாத்துக் குடுங்கக்கா. மேடம் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனான்.

அக்கா பெட்டியை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தார். பிறகு ஒரு கைலென்ஸைக் கடன் வாங்கி வந்து, பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார். பாலம் நின்றது. ஆனால் இரண்டு கம்பிக்கும் நடுவே அந்தக் கம்பியளவு இடம்கூட இல்லை. அறைச் சூட்டில் தொடவில்லை. குளிரில் பசை சுருங்கிக் கம்பி இறங்கினால் கட்டாயம் தொடும்.

இடுக்கி கையில் இருந்தது. பாலத்தை ஒரு மயிரிழை தூக்கிவிட்டால் போதும். பெரிய குளிர்கலத்தில் அந்தச் சுழி வராது. ஏடு கெட்டுப்போய்விட்டது என்பார்கள். ஏடுகள் கெட்டுப்போவது அங்கே தினசரி நடப்பதுதான். டேப்பு அழுவான், மேடம் பெருமூச்சு விடுவார், ஒப்பந்தம் கையெழுத்தாகும். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இடுக்கியின் முனை கம்பிக்கு அருகில் போனதையும் நான் மறைக்க விரும்பவில்லை. போனது.

அக்கா இடுக்கியைக் கீழே வைத்தார். இழுப்பறையிலிருந்து சிவப்புப் பொத்தானை எடுத்து, பெட்டியின் மூடிமேல் வைத்து, நோட்டைக் கக்கத்தில் இடுக்கி, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனார். டேப்புவும் அங்கேதான் இருந்தான். மேசையில் பெட்டியையும் நோட்டையும் வைத்துவிட்டு நின்றார்.

டேப்பு பொத்தானை எடுத்து மரியாதையாக நீட்டினான். "அக்கா, உங்க பட்டன் விழுந்திருக்கு."

அக்கா அதை வாங்கித் திரும்பவும் மூடிமேல் வைத்தார். டேப்பு திரும்பவும் எடுத்தான். "இல்லக்கா, தொலைஞ்சிடும், உள்ள வச்சுக்குங்க."

பழைய தொழிற்சாலையில் இந்தப் பொத்தான் பேசும். இங்கே அதற்கு வாய் இல்லை. வாயைத் திறக்க வேண்டியது தான்தான் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அது விழல தம்பி. நான் வச்சது. மூணும் நாலும் தொட்டுக்குது. குளிர்ல. என் தப்பு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பொத்தான் கதை, ஒடிந்த கால், பாலம், நீலக்கோடு சிவப்புக்கோடு. டேப்புவின் முகத்தில் ஈயாடவில்லை. மேடம் நோட்டை இழுத்து அந்தப் பெட்டியின் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு உயரம்னு எப்பவும் எழுதுவீங்களே?"

"பக்கத்துல பாக்கற கண்ணு போயிடுச்சு மேடம். எட்டு மாசமாச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

மேடம் நோட்டை மெல்ல மூடினார். ஒப்பந்தத் தாள் அவருடைய முழங்கைக்கு அடியில்தான் இருந்தது. அக்காவால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"மூணு, நாலு வேண்டாம்" என்றார் மேடம் கடைசியில், டேப்புவிடம். "அஞ்சையும் ஆறையும் வச்சு அளந்து பாரு."

ஐந்தையும் ஆறையும் வைத்து அளந்தபோது இருநூற்றுப் பத்து டிகிரியில் ஒன்றும் நடக்கவில்லை. கோடு பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. டேப்பு நடைகூடத்துக்கு வந்து, சுவரில் ஒட்டியிருந்த படத்துக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு அக்காவும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சுடுங்க தம்பி."

அவன் தலையை ஆட்டினான். "முந்நூறு பேர் முன்னாடி நின்னிருப்பேன்கா" என்றான். "கோட் வேற தைக்கக் குடுத்திருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான், சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரொம்ப நன்றிக்கா" என்றான். மனசாரத்தான் சொன்னான். தன் தவறுக்கு ஒருவர் நன்றி சொல்வதை அக்கா அதற்குமுன் கேட்டதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

ஹீலியக் குளிர்கலத்தில் ஏற்கெனவே முறை வாங்கியிருந்ததால் பதினேழாம் பெட்டி அதிலும் இறங்கியது. யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. இருநூற்று எழுபத்தொன்றரை டிகிரியில், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே, தடை மெல்ல மெல்ல இறங்கிச் சுழிக்கு வந்தது. காந்தத்தைக் கூட்டினால் மறைந்தது, குறைத்தால் வந்தது. போகும் கோடும் வரும் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. உலகத்தில் பலபேர் முன்பே கண்டதுதான், யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அதுவே முதல்முறை, டேப்புவுக்கு அதுவே போதும். மாநாட்டுக்கு அதைக் கொண்டுபோய், கோட்டையும் போட்டுக்கொண்டு, பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தான்.

அந்த வாரம் வீட்டுக்காரர் அக்காவைக் கண்ணாடிக் கடைக்கு ஏறக்குறைய இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்கா முதலில் பார்த்தது தன் கையைத்தான். ஒவ்வொரு ரேகையும் தெரிந்தது. அடுத்து வீட்டுக்காரரைப் பார்த்தார். "இவ்வளவு நரைச்சிடுச்சா உங்களுக்கு?" என்றார். "அதுக்குத்தான் எட்டு மாசமா உன்னைக் கூட்டிக்கிட்டு வரல" என்றார் அவர்.

ஆனால் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மாதத்தின் கடைசி நாளும் வந்தது. அக்கா மேசையைத் துடைத்து, இடுக்கிகளை அளவுப்படி அடுக்கி, நோட்டுகளை ஒரு பையில் வைத்தார். பதினோரு வருடம் உட்கார இடம் கொடுத்த நாற்காலிக்கும் மனதுக்குள் ஒரு நன்றி சொன்னார். அப்போது மேடம் கூப்பிடுவதாக டேப்பு வந்து சொன்னான்.

மேடத்தின் அறையில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் ஒரு சட்டம் தொங்கும். பதினான்கு வருடத்துக்கு முன்னால், அக்கா வருவதற்கு முன்பே, அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஆராய்ச்சிக் கட்டுரை, கரியாலான நானோ குழாய்களில் மீக்கடத்தல். நாலு பேர் வந்தால் அதன்முன் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். இப்போது வெறும் ஆணிதான் இருந்தது.

மேசையில், கையெழுத்தான ஒப்பந்தத் தாளின்மேல், ஒரு பழைய பெட்டி. அதன் பழுத்த காகிதச் சீட்டில் 'நானோ குழாய்' என்று எழுதியிருந்தது. அக்காவின் கம்பி இல்லை அது, அவருக்குத் தெரியாத யாரோ எப்போதோ போட்டது. மூடிமேல் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் இருந்தது. மேடம் எப்போதும் அணிகிற மேலங்கியில் இரண்டாவது பொத்தானின் இடத்தில் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"கம்பி எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசாப் போடணும்" என்றார் மேடம். பெட்டியை அக்கா பக்கம் நகர்த்தினார். "நீங்கதான் போடணும்."

அக்கா பெட்டியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். முகத்தருகே சாய்த்துப் பார்த்தார். இப்போது எல்லாம் தெரிந்தது.

ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"எத்தனை கம்பி, மேடம்?" என்றுதான் கேட்டார்.